டெனிஸ் சாருக்கு ஒரு துண்டுச் சீட்டு

தெரியாத விஷயத்தில் மனிதர்கள் அவ்வளவாக அசிங்கப்படுவதில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. அதனால் அம்மா மண்டபம் படித்துறையில் முழங்காலுக்கு மேல் நான் இறங்கியதே கிடையாது. காவிரி இதுவரை என் மானத்தை வாங்கியதும் இல்லை. மானம் போவதெல்லாம் நமக்கு ரொம்ப நன்றாகத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் விஷயத்தில்தான். எனக்கு அப்படித் தெரிந்த விஷயம் ஜாஸ்.

(ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஜாஸா என்று கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒருகாலத்தில் ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருக்கிறேன். அப்படி மாட்டியவர்களில் சிலர் இன்றும் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்கள்.)

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. நான் பிறந்து வளர்ந்தது பொன்மலை ரயில்வே காலனியில். எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். சனிக்கிழமை சாயங்காலம் காலனி மண்டபத்தில் அவர்கள் நடனம் வைப்பார்கள். அப்பா என்னை அந்தப் பக்கம் விடமாட்டார். ஆனால் காற்றை அவரால் தடுக்க முடியவில்லை. மொட்டை மாடியில் வேதியியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சாக்ஸபோன் கேட்பேன். ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார். இன்னொருவர் அதை வாங்கிக்கொண்டு எங்கெங்கோ சுற்றிவிட்டு, தொலைத்துவிட்டார் என்று நாம் பயப்படும்போது பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து வைப்பார். எழுதி வைத்து வாசிப்பதில்லை, அந்த நிமிஷத்தில் தோன்றுவதுதான் என்று பிறகு தெரிந்தபோது அசந்துபோனேன். இன்றைக்கும் அந்த வியப்பு குறையவில்லை. வேதியியலில் வாங்கிய மதிப்பெண்ணை விட்டுவிடுவோம்.

காலனியிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆஸ்திரேலியா கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. போகிறவர்கள் கட்டில், பீரோ எல்லாம் விற்பார்கள். இசைத்தட்டுகளை யாரும் கேட்கமாட்டார்கள். நான் கேட்டேன். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கியபின் பெரிய கடைவீதியின் பழைய சாமான் கடைகளிலும் தேடினேன். இப்படி நூற்றுச் சொச்சம் தட்டுகள் சேர்ந்துவிட்டன. ஒரே ஒரு குறைதான். அவற்றைப் போட்டுக் கேட்க என்னிடம் பிளேயர் கிடையாது. நான்கு வருடம் அட்டைகளை முன்னும் பின்னும் படித்தே ஜாஸ் ரசிகையாக இருந்தேன்.

ஆகவே, தொட்டியத்திலிருந்து வாழைத்தோட்டக் குடும்பம் ஒன்று என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையிடம் நான் கேட்டது ஒரே கேள்வி.

"உங்க வீட்ல ரெக்கார்ட் பிளேயர் இருக்கா?"

"இல்லைங்க," என்றார் அவர். "வாங்கிடலாம்ங்க."

அந்த 'ங்க'வில் நான் விழுந்துவிட்டேன். பெயர் செல்வராஜ். திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீட்டில் குடியேறினோம். ஆறே மாதத்தில் சொன்னதைச் செய்தார். அவருடன் வேலை செய்தவரின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து நிரந்தரமாகத் திரும்பி வந்தபோது கொண்டுவந்த பிளேயர். அங்கே மின்சாரம் நூற்றுப்பத்து வோல்ட், இங்கே இருநூற்று இருபது. அதனால் செல்வராஜே கம்பி சுற்றி ஒரு மின்மாற்றி செய்தார். ஒரு மரக்கால் அரிசி கனம். அதைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிவந்த மனிதரை நான் எவ்வளவு பாராட்டியிருக்கவேண்டும்! "தட்டுல தூசி படாம தள்ளி வைங்க" என்றேன்.

அன்று முதலில் போட்டது டெனிஸின் தட்டு.

டெனிஸ் எங்கள் பொன்மலைக்காரர். நான் பிறப்பதற்கு முன்பே பம்பாய்க்குப் போய் ஹோட்டல்களில் வாசித்து, ஐந்து பேர் குழுவாக ஒரே ஒரு இசைத்தட்டு வெளியிட்டு, அப்புறம் அவரும் ஆஸ்திரேலியா போய்விட்டார். அட்டையில் தொப்பி வைத்த ஒரு முகம்; கீழே 'சாக்ஸபோன்: டெனிஸ்' என்று ஒரு வரி. அவ்வளவுதான் தகவல். முள்ளை வைத்தேன். ஆழமான, கனத்த, அவசரமே இல்லாத ஒரு குரல் எழுந்தது. எங்கோ ஒரு பெரிய துக்கத்தை அனுபவித்துவிட்டு, அதைப் பற்றிப் பேச விரும்பாத மனிதர் பேசுவது மாதிரி. சாக்ஸபோனில் உயர்ந்த குரலுக்கு ஆல்டோ, அதைவிடத் தாழ்ந்த குரலுக்கு டெனர் என்று தனித்தனி வாத்தியங்கள் உண்டு. இது டெனர் என்று நானே காதால் கண்டுபிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு அழுதேன். அதற்கப்புறம் எட்டு வருடம், வாரம் ஒரு முறையாவது அழுதேன்.

எட்டு வருடத்தில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். சென்னை, பெங்களூர், எங்கே ஜாஸ் கச்சேரி நடந்தாலும் ரயில் ஏறிவிடுவேன். செல்வராஜ் தயிர்சாதப் பொட்டலத்துடன் கூடவே வருவார். நேரில் கேட்கும்போது எல்லோரும் என் தட்டுகளைவிட வேகமாக வாசிப்பதாகத் தோன்றும். அதற்கும் நானே ஒரு கோட்பாடு வைத்திருந்தேன்: நேரில் வேகம், ரெக்கார்டில் விவேகம். சிற்றலை வானொலியிலும் வேகமாகத்தான் கேட்டது. (அவர்களுக்கு நேரப் பஞ்சம் என்று தீர்ப்பளித்தேன்.) சென்னையில் என் தோழி நிர்மலா வீட்டில் அவளுடைய பிளேயரில் ஒரு தட்டைக் கேட்டேன். என்னிடமும் அதே தட்டு இருந்தது. "உன் பிளேயர் தலைதெறிக்க ஓடுதுடி, மெக்கானிக்கைக் கூப்பிடு" என்றேன். என் ஞானத்தின் மேல் அவளுக்கு இருந்த மதிப்பில் அவளும் கூப்பிட்டாள். அந்த ஆள் ஏதோ திருகாணியைத் திருகி, நான் தலையாட்டும் வரை வேகத்தைக் குறைத்துக்கொடுத்தார்.

என் வீட்டு இசையைப் பற்றி அத்தனை வருடத்தில் வந்த ஒரே எதிர் விமர்சனம் கீழ்வீட்டிலிருந்துதான். வீட்டு உரிமையாளர் ரங்கநாதன் மாமா ஒருநாள் மாடிப்படி அருகே நிறுத்தி, "பாவம், அந்த வாத்தியக்காரர் ரொம்பச் சிரமப்படறாரே, தேக அசௌக்கியமோ?" என்று விசாரித்தார். இவருக்கெல்லாம் என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு சிரித்துவைத்தேன்.

இந்த நிலையில்தான் என் அலுவலகத் தோழி ஷெர்லி ஒருநாள் மேஜைக்கு வந்து நின்றாள். அவளும் பொன்மலை. பழைய காலனிக்காரர்கள் எல்லாம் ஒன்றுகூடும் விழா ஒன்றுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள்.

"வசந்தி, டெனிஸ் அங்கிள் வரார். இருபத்தி ரெண்டு வருஷம் கழிச்சு. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் மண்டபத்துல வாசிக்கிறார். எழுபது வயசாகுது, இனிமே இந்தப் பக்கம் வருவாரான்னு தெரியல. நீதான் அவரை மேடைல அறிமுகப்படுத்தணும். விழா மலருக்கும் ஒரு கட்டுரை எழுதிக் கொடு. அந்த ரெக்கார்ட் உன்கிட்டதான் இருக்கு. எங்க யார்கிட்டயும் இல்ல."

வாசித்தவர் கடல் தாண்டிப் போய்விட்டார். அவர் விட்டுப்போன ஊரில் ஒருத்தி அவரை வாராவாரம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதை அவர் முகத்துக்கு நேரே ஒருமுறை சொல்லிவிடவேண்டும். வாழ்க்கையில் எனக்கு வேறு எதுவும் அவ்வளவு முக்கியமாகத் தோன்றியதில்லை.

கட்டுரை எழுதினேன். தலைப்பு: 'டெனிஸின் டெனர்: ஒரு சமூகத்தின் துயரக் குரல்'. அதில் ஒரு பகுதியை, என் பாவம் தீரட்டும் என்று இங்கே தருகிறேன்: 'இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டில், நடுவே ஓரிடத்தில், ஒரு ஸ்வரத்தின் விளிம்பில் அவர் தயங்கித் தடுமாறி நிற்கிறார். ஊரைப் பிரிந்த ஒரு தலைமுறையின் கண்ணீர் முழுவதும் அந்த ஒற்றை ஸ்வரத்தில் தேங்கி நிற்கிறது.' நானூறு பிரதி அச்சடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடையேறி, துயரத்தின் தூதர், டெனரின் தவசீலர் என்றெல்லாம் பத்து நிமிடம் பேசினேன். பக்கவாட்டில் நின்றிருந்த டெனிஸ் சார் முகத்தில் ஒரு குழப்பம் தெரிந்தது. அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் பெட்டியைத் திறந்து வாத்தியத்தை எடுத்தார். அது ஆல்டோ. டெனரைவிடச் சின்னது. பயணத்துக்குச் சுலபம் என்று கொண்டுவந்திருப்பார் என நினைத்தேன். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, மின்னும் காலணி. சென்னையிலிருந்து வந்திருந்த மூன்று பக்க வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையால் நாலு சொடுக்குப் போட்டார். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு.

பாட்டு துள்ளிக்கொண்டு ஓடியது. கூட்டத்தில் ஒரு குரல் "ஏய்" என்று சந்தோஷமாகக் கத்தியது. அடுத்த நிமிடம் நாற்காலிகள் நகர்ந்தன. அறுபது வயது தம்பதிகள் எல்லாம் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். என் துயரக் குரலுக்கு! சாவு வீட்டில் ஊஞ்சல் கட்டி ஆடியதுபோல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னங்க, இவர் ஏன் இப்படி ஓடுறார்?" என்று செல்வராஜ் காதில் கேட்டேன்.

"நல்லாத்தானே இருக்கு," என்றார் அவர்.

"உங்களுக்கு என்ன தெரியும்?"

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். கர்நாடகக் கச்சேரிகளில் பார்த்திருப்பீர்கள். ரசிகர்கள் துண்டுச் சீட்டில் தங்களுக்கு வேண்டிய பாட்டை எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். வித்வான் படித்துவிட்டுத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். பாடினாலும் பாடுவார், பாடாவிட்டாலும் போகும். யாருக்கும் நஷ்டமில்லை. திருச்சியில் கச்சேரி கேட்டு வளர்ந்த எனக்கு அது மூச்சு விடுவதைப்போல இயல்பான காரியம். ஆங்கிலோ இந்தியர்களின் நடன மண்டபத்தில் அந்தப் பழக்கம் கிடையாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

மலரின் பின்னட்டையைக் கிழித்து எழுதினேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது என்று ஷெர்லி சொல்லியிருந்ததால் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். அதன் சாரம் இது: 'ஐயா, தயவுசெய்து உங்கள் உண்மையான வேகத்தில், நிதானமாக, டெனரில் வாசிக்கவும். இந்த வேகத்தில் பாட்டின் உயிர் போய்விடுகிறது. இப்படிக்கு, உங்கள் இசைத்தட்டை நானூறு முறை கேட்டவள்.'

"வேணாம் வசந்தி," என்றார் செல்வராஜ். அவர் எனக்கு வேண்டாம் என்று சொன்னது அபூர்வம். அப்போதாவது யோசித்திருக்கலாம்.

சீட்டு கை மாறி மாறி முன்னால் போனது. வாங்கிய ஒவ்வொருவரும் அதைப் படித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். பதினோரு வரிசை. பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்தபோது அது டெனிஸ் சார் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் பழக்கமெல்லாம் அவருக்குத் தெரியாது. மைக்கில் முழுசாகப் படித்தார்.



"யாரும்மா இது?" என்று தமிழில் கேட்டார். பொன்மலைத் தமிழ், இருபத்திரண்டு வருடத்தில் ஒரு துளி மாறவில்லை. மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. எழுந்து நின்றேன்.

"நீங்கதானா மேடம். என்னோட நிஜ வேகம் எதுன்னு கொஞ்சம் காட்டுங்களேன். எனக்கு மறந்துபோச்சு போல."

கேலியாகக் கேட்கவில்லை. அந்த மனிதர் உண்மையாகவே கேட்டார். அதுதான் இன்றுவரை என்னைக் குத்துகிறது. எழுபது வயதில், சொந்த ஊரில், சொந்த ஜனங்கள் முன்னால், தன் விரல்கள் வயதானதில் தறிகெட்டு ஓடுகின்றனவோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நானோ அத்தனை பேர் முன்னால் நின்றுகொண்டு, வலது கையால் இடது உள்ளங்கையில் தாளம் போட்டுக் காட்டினேன். அந்தத் தாளத்துக்கு அவர் வாசித்தார்.

எட்டு வருடம் நான் கேட்ட பாட்டு வரும் என்று காத்திருந்தேன். வந்தது என்னவோ, ஏற்றத்தில் மாட்டிக்கொண்ட லாரி மாதிரி ஒன்று. டிரம்ஸ்காரர் அடுத்த அடி எப்போது என்று தெரியாமல் குச்சியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டே இருந்தார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு காலைத் தூக்கிவிட்டு, அதை எப்போது கீழே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். பூப்போட்ட கவுன் அணிந்த ஒரு பாட்டியம்மா கணவர் மேல் சாய்ந்து, அவர் நாற்காலி மேல் சாய்ந்து, நாற்காலி சரிந்தது. அடி எதுவும் இல்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "மேடம், தயவுசெஞ்சு உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். டெனிஸ் சார் வாசிப்பதை நிறுத்திவிட்டு விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இந்த வேகத்துல நான் எப்போ வாசிச்சேன்?" என்று மைக்கை மறந்து முணுமுணுத்தார். பிறகு இரண்டு பாட்டு வாசித்தார். இரண்டும் முன்னைப்போல் துள்ளவில்லை. எதையோ சரிபார்த்துக்கொண்டே வாசிக்கிறவர் மாதிரி இருந்தது. முடிந்தபின் ஷெர்லி என்னிடம் வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"நாளைக்குக் காலைல உன் வீட்டுக்கு வராராம். அந்த ரெக்கார்டை அவர் கேக்கணுமாம்," என்றாள்.

ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டும்போது, "ஆஸ்திரேலியா போய் மாறிட்டார்ங்க. நாளைக்குத் தட்டைக் கேட்டா அவருக்கே புரியும்" என்றேன். செல்வராஜ் ஹாரன் அடித்தார். முன்னால் வண்டி எதுவும் இல்லை.

காலையில் கேசரி, பஜ்ஜி எல்லாம் தயார். பத்து மணிக்கு டெனிஸ் சாரும் ஷெர்லியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கையில் வாத்தியப் பெட்டி. கேசரியைத் தொடாமல், "முதல்ல போடுங்க" என்றார்.

போட்டேன். ஆழமான, கனத்த அந்தக் குரல் எழுந்தது.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "யார் இது?" என்றார்.

"நீங்கதான் சார்."

அட்டையை வாங்கிப் பார்த்தார். தட்டின் நடுவே ஒட்டியிருந்த காகிதத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ரயில் டிக்கெட்டை எடுத்து, ஓரத்தில் துளி கிள்ளி, சுழலும் தட்டின் நடுவில் ஒட்டவைத்தார். "ஷெர்லி, வாட்ச்சைப் பாத்து ஒரு நிமிஷம் எண்ணு. முப்பத்தி மூணு தடவை சுத்தணும்." ஷெர்லி எண்ணினாள். இருபத்தேழு வந்தது; இருபத்தெட்டாவது சுற்று முடிவதற்குள் நிமிடம் முடிந்துவிட்டது. மறுபடி எண்ணினாள். மறுபடி இருபத்தேழு.

டெனிஸ் சார் பிளேயரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். நூற்றுப்பத்து வோல்ட், அறுபது சைக்கிள் என்று அங்கே ஒரு தகடு. எட்டு வருடமாகத் தூசி துடைக்கும் நான் அதை ஒருநாளும் படித்ததில்லை.

"சார், உங்களுக்கு எங்க வேலை?" என்று என் கணவரிடம் கேட்டார்.

"தொழிற்சாலையிலங்க. எலக்ட்ரிக்கல்."

ஷெர்லி மெதுவாகத் தலையில் கைவைத்துக்கொண்டாள். செல்வராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு தரையைப் பார்த்தபடி விளக்கினார். "அமெரிக்கால கரண்ட் நொடிக்கு அறுபது சைக்கிள் சார். நமக்கு அம்பது. வோல்டேஜை நான் மாத்திட்டேன். சைக்கிளை மாத்த முடியாது. இந்த மோட்டர் அந்த சைக்கிள் கணக்கைப் பாத்துதான் சுத்தும். ஆறுல அஞ்சு பங்கு வேகம்தான் வரும். வேகம் குறைஞ்சா குரலும் கனத்துடும்."

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"முதல் நாளே சொன்னேனே வசந்தி. கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும், மோட்டர்ல கொஞ்சம் பெரிய சக்கரமா ஒரு புல்லி கடைஞ்சு மாத்தினா சரியாயிடும்னு."

"நான் என்ன சொன்னேன்?"

அவர் டெனிஸ் சாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "ஜாஸ்னா மெதுவாத்தான் இருக்கும், வாழைத்தார் வெட்டுறவங்களுக்கு என்ன தெரியும்னு சொன்ன."

சொல்லியிருக்கிறேன். சொன்னது எனக்கு அப்போதே ஞாபகம் வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் மின்மாற்றியின் கம்பியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டதும் ஞாபகம் வந்தது.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமேங்க. எட்டு வருஷம்."

"கண்ணை மூடிக்கிட்டு அவ்வளவு உருகிக் கேட்ட. பாக்க நல்லா இருந்துச்சு. அதைக் கெடுக்க மனசு வரல."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. டெனிஸ் சார்தான் காப்பாற்றினார். சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். தன் விரல்கள் சரியாகத்தான் இருக்கின்றன என்று தெரிந்த நிம்மதியும் அதில் இருந்தது. அப்புறம்தான் கேசரியை எடுத்தார்.

"இந்தப் பாட்டு என்னன்னு தெரியுமாம்மா? என் தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்ட டியூன். எல்லாரும் குதிக்கணும்னு போட்டது."

"நடுவுல ஒரு ஸ்வரத்துல தயங்குவீங்களே சார்?" என்று கேட்டேன். அதை மட்டுமாவது பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஆசை.

"ஓ, உங்க கட்டுரைல அதை ஷெர்லி படிச்சுச் சொன்னா. அது தப்பு வாசிச்சது. விரல் வழுக்கிருச்சு. வேகத்துல யாருக்கும் தெரியாதுன்னு அப்படியே விட்டோம். முப்பது வருஷமா நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க."

பக்கம் முடியும் வரை கேட்டார். "இந்த ஆளு பரவால்ல. என்னைவிட நிறையப் பட்டிருக்கான்" என்றார். பிறகு பெட்டியைத் திறந்து ஆல்டோவை எடுத்து, எங்கள் கூடத்தில் பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பாட்டை அதன் சொந்த வேகத்தில் வாசித்தார். மூன்றடி தூரத்தில். மூச்சு உள்ளே போவதும், பொத்தான்கள் தட்டுவதும் கேட்டன. எனக்கு வரிக்கு வரி தெரிந்த பாட்டு, ஆனால் அதற்குள் இவ்வளவு சிரிப்பு இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. தயங்குகிற இடத்தில் இந்த முறை விரல் வழுக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேண்டுமென்றே அங்கே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார். அந்த எழுபது வயது மனிதரைப்போல ஒரு வித்வானை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. பழக்க தோஷம், இதற்கும் அழுதேன். கீழிருந்து ரங்கநாதன் மாமா, "இன்னிக்குத்தான் அவருக்குத் தேக ஆரோக்கியம் திரும்பியிருக்கு. பெருமாள் கடாட்சம்" என்று குரல் கொடுத்தார். அந்தத் தெருவிலேயே நல்ல காது அவருக்குத்தான் என்பதை அன்று ஒப்புக்கொண்டேன்.

போகும்போது டெனிஸ் சார் அட்டையில் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'என்னை டெனர் ஆக்கிய அம்மாவுக்கு, ஆல்டோ டெனிஸ்.' அன்று சாயங்காலம் பொன்மலைக்காரர்கள் கேட்டதற்காக மண்டபத்தில் இன்னொரு முறை வாசித்தார். நானும் போயிருந்தேன். கடைசி வரிசையில், பேனா எடுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஒருவரும் நாற்காலியில் உட்காரவில்லை. கடைசிப் பாட்டில் என்னையும் செல்வராஜையும்கூட யாரோ இழுத்துவிட்டார்கள். நாங்கள் ஆடியதற்கு ஆட்டம் என்று பெயர் கிடையாது.

செல்வராஜ் அந்த வாரமே புதிய புல்லி கடைந்து மாட்டினார். நூற்றுச் சொச்சம் தட்டுகளையும் நான் முதலிலிருந்து கேட்கவேண்டியிருந்தது. எட்டு வருடமாக ஆண் என்று நான் பாராட்டிக்கொண்டிருந்த ஒரு பாடகர் பெண் என்று தெரிந்தது. (அட்டையில் இருந்தது அவருடைய மனைவி என்று நினைத்திருந்தேன்.) நிர்மலாவுக்குப் போன் செய்து, திருகிய திருகாணியைத் திரும்பத் திருகச் சொன்னேன். ஒரு மாதம் அவள் என்னிடம் பேசவில்லை.

வீட்டில் இது ஒரு வாசகமாக நிலைத்துவிட்டது. நான் எதையாவது அடித்துச் சொல்லும்போதெல்லாம் எங்கள் மகள் நித்யா, "அம்மா, அம்பதா அறுபதா?" என்று கேட்பாள். ரசத்துக்கு உப்பு போதும் என்றால் கேட்பாள். இந்த பஸ் சத்திரம் பேருந்து நிலையம் போகும் என்றால் கேட்பாள். கணவர் கேட்பதில்லை. அவள் கேட்கும்போது பேப்பருக்குப் பின்னால் போய்விடுவார்.

போன வருடம் நித்யாவுக்குக் கல்யாணம். முகூர்த்த நேரம். நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்தது கொஞ்சம் வேகம் என்று எனக்குப் பட்டது. பெண்ணின் அம்மா மணவறைப் பக்கம் நிற்கவேண்டும் என்பதெல்லாம் மறந்து, ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு மேளக்காரர்களை நோக்கி நடந்தேன். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த நித்யா, மைக்கே தேவையில்லாத குரலில், "அம்மா, அம்பதா அறுபதா?" என்றாள். மாப்பிள்ளைக்கு நிச்சயத்துக்கு முன்பே கதை சொல்லப்பட்டிருந்தது. தாலியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிரிக்க, என் கணவர் சிரிக்க, "கை ஆடாம கட்டுங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே ஐயரும் சிரித்தார்.

கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடத்தில் மணவறையே குலுங்கிக்கொண்டிருக்கும். நான் மட்டும் ஓரமாக, விரலைத் தூக்கியபடி, வாயைத் திறந்துகொண்டு நிற்பேன். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் அந்த இடத்தைத்தான் போடச் சொல்கிறார்கள். அது வந்ததும் செல்வராஜ் ரிமோட்டை எடுத்து ஓட்டத்தைக் குறைப்பார். "இதுதான் உனக்குப் பிடிச்ச வேகம்" என்பார். உண்மையைச் சொன்னால், அந்த வேகத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.